ஆளில்லாத திட்டு யாருடையது?

ஓம் சரவணபவ.

இன்னைக்கு ஒரு கேள்வியோட வந்திருக்கேன். உடனே பதில் சொல்ல வேண்டாம், ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு மேலே படிங்க.

யாருமே வாழாத, யாருமே வராத ஒரு இடத்தில் நாம் எதையாவது கெடுத்துவிட்டால் அது தப்பா? தப்புன்னா, யாருக்குச் செய்த தப்பு?

பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைச்சா அந்த வீட்டுக்காரருக்கு நஷ்டம். கோயில் மதில்ல பேரைக் கிறுக்கினா ஊருக்கே நஷ்டம். ஆனா ஆளே இல்லாத ஒரு மணல் திட்டுல? அங்கே பார்க்கவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. நஷ்டப்படவும் ஆளில்லை. அப்புறம் அதுல என்ன பாவம் இருக்கு?

கேட்கச் சின்ன கேள்வி மாதிரி இருக்கும். ஆனா ஒரு ஆறு பிழைக்கிறதும் சாகிறதும் இந்தக் கேள்விக்கு நாம் சொல்ற பதில்லதான் இருக்கு. திருச்சியில இருக்கறவங்களுக்கு இது ரொம்பப் பக்கத்துக் கேள்வி.

*நம்ம ஊரே ஒரு தீவுதான்*

ஸ்ரீரங்கத்துலயே பொறந்து வளர்ந்தவங்க கூட மறந்து போற விஷயம் இது. ஸ்ரீரங்கம் ஒரு தீவு. மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போகும் கிளை காவிரி என்ற பெயரோடேயே போகிறது. வடக்கே போகும் கிளை கொள்ளிடம். கிழக்கே கல்லணைப் பக்கம் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒல்லியாக நீண்டு கிடக்கும் நிலத்தில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும் இருக்கின்றன.

"அரங்கம்" என்ற சொல்லுக்கே ஆற்றிடைக்குறை, அதாவது ஆற்றுக்கு நடுவில் இருக்கும் மேட்டு நிலம் என்று ஒரு பொருள் உண்டு. கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணமும் சிவனசமுத்திரமும் காவிரித் தீவுகள்தான். அந்த இரண்டையும் நம்ம ஸ்ரீரங்கத்தையும் சேர்த்து ஆதிரங்கம், மத்தியரங்கம், அந்தியரங்கம் என்று வரிசையாகச் சொல்வார்கள். "துருத்தி" என்றாலும் ஆற்றிடைத் தீவுதான், திருப்பூந்துருத்தி ஞாபகம் வருதா? ஆத்தங்கரை ஜனங்க சாதாரணமா "திட்டு"ன்னு சொல்லுவாங்க. ஒரே விஷயத்துக்கு இத்தனை சொல் இருக்குன்னா, நம்ம முன்னோர்கள் இந்தத் தீவுகளை எவ்வளவு உத்துப் பார்த்திருப்பாங்க!

பெரிய தீவு ஊராகிவிட்டது. 1987-ல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரம், கடைவீதி, அபார்ட்மென்ட் எல்லாம் வந்த பிறகு தீவு என்ற நினைப்பே வராது. ஆனால் கொள்ளிடத்துக்குள் இன்னும் ஆளில்லாத குட்டித் தீவுகள் இருக்கின்றன.

அதுக்குக் காரணம் கொள்ளிடத்தின் குணம். வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதால்தான் அந்தப் பேர் என்று சொல்வார்கள். பாசனத் தண்ணீர் காவிரியில் போகும், மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்தில் போகும். ஒரு காலத்தில் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொள்ள, காவிரி மணல் மேடிட்டுக் காய ஆரம்பித்தது. அதைச் சரிசெய்யத்தான் 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டும் வேலையைத் தொடங்கினார். அதனால் வெயில் காலத்தில் கொள்ளிடத்தைப் பார்த்தால் ஆறு மாதிரியே தெரியாது, கண்ணுக்கு எட்டுகிற வரை மணல்தான். நடுவில் சில மேடுகளில் நாணலும் கோரையும் பிடித்து, ரெண்டு மூணு வருஷம் பெரிய வெள்ளம் வராவிட்டால் அது ஒரு திட்டாக நிலைத்துவிடும்.

*அங்கே நடந்து பார்த்தால்*

போன பங்குனிக் கடைசியில் ஒருநாள் விடியற்காலை, நானும் சித்தி பையனும் பஞ்சக்கரை ரோட்டுப் பக்கமிருந்து இறங்கிக் கொள்ளிடத்தில் நடந்தோம். அவன் காலேஜ் ரெண்டாம் வருஷம். கரையில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கூப்பிட்டு நிறுத்தினார்.

"தம்பி, தண்ணி தொறக்கல, சரிதான். ஆனா உள்ள குழி இருக்கும். மேல மணல் மூடிக் கெடக்கும், காலு வச்சா உள்ள வாங்கிரும். இந்தக் கம்பை வச்சு ஊனி ஊனிப் பார்த்துப் போங்க."

கம்பைக் கையிலேயே கொடுத்துவிட்டார். மணல் அள்ளின குழியில் விழுந்து உயிரை விட்ட பிள்ளைகளின் செய்தி இந்தப் பக்கத்துப் பேப்பர்ல வராத வருஷம் கம்மி. அதனால் அவர் சொன்னபடியே போனோம்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாச்சு. முழங்கால் ஆழத்தில் ஒரு வாய்க்கால் மாதிரி தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதைத் தாண்டினால் திட்டு. ரெண்டு கிரிக்கெட் கிரவுண்டு அளவு இருக்கும். ஓரமெல்லாம் நாணல், நடுவில் கொஞ்சம் கருவேலம். சுற்றி வர அரை மணி நேரம் ஆனது. ரோட்டுச் சத்தம் குறைந்து குறைந்து கடைசியில் காற்றில் நாணல் உரசும் சத்தம் மட்டும் மிச்சமானது. ஈர மணலில் கோலம் போட்ட மாதிரி பறவைக் கால் தடங்கள். குறுக்கே ஒரு பாம்பு போன வழி.

திடீரென்று தலைக்கு மேலே ஒரு பறவை கத்திக்கொண்டே வட்டமடித்தது. ஆள்காட்டிக் குருவி. மனுஷன் வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும், அதனால்தான் அந்தப் பேர். அது மரத்தில் கூடு கட்டாது. பங்குனி தொடங்கி வெயில் காலத்தில் வெறும் தரையில் ஒரு சின்னப் பள்ளம் பறித்து, பெரும்பாலும் நாலு முட்டை இடும். முட்டை கூழாங்கல் நிறத்திலேயே இருக்கும், பக்கத்தில் நின்றாலும் தெரியாது. நாங்கள் அப்படியே நின்று, வந்த தடத்திலேயே பின்னால் நகர்ந்தோம். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அது அடங்கியது.

இன்னொரு பக்கம் நாணல் தூரில் வெள்ளம் கொண்டுவந்து ஒதுக்கிய குப்பை. பழைய வேட்டி, பிளாஸ்டிக் மாலை, அதுக்கு நடுவில் கண்ணாடி உடைந்த ஒரு சாமி படம். காகிதம் ஊறிப்போயிருந்தது, ஒரு ஓரத்தில் மயில் தோகையும் வேலின் நுனியும் மட்டும் தெரிந்தது. யாரோ பழைய படத்தை வீசக்கூடாது என்று பக்தியோடுதான் ஆற்றில் விட்டிருப்பார்கள். பரிகாரம் என்று துணியை விட்டவரும் அப்படித்தான். "ஆத்துல விட்டாச்சு" என்றால் அது மறைஞ்சு போச்சுன்னு நமக்கு நினைப்பு. ஆறு அதைக் கொண்டுவந்து ஆளில்லாத இடத்தில் வைக்கிறது. கண்ணாடிச் சில்லு ஆள்காட்டி நடக்கும் மணலில் கிடக்கிறது.

நான் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவன் கேட்டான். "அண்ணா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. இங்க யாருமே வரப்போறதில்ல. அடுத்த வெள்ளத்துல இந்தத் திட்டே இருக்குமான்னு தெரியல. இதுல கண்ணாடி கிடந்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

கிண்டலுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். அதனால் நானும் உண்மையாகவே யோசித்தேன்.

*"ஆளில்லை" என்று யார் சொல்வது?*

முதல் விஷயம். ஓர் இடத்தில் ஆளில்லை என்று சொல்வதற்கு முன்னால், யாரை ஆளாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம் என்று பார்க்கணும்.

ஆஸ்திரேலியாவுக்கு வெள்ளைக்காரர்கள் போனபோது அங்கே பல பத்தாயிரம் வருஷமாக மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் அந்தக் கண்டத்தை "யாருக்கும் சொந்தமில்லாத நிலம்" மாதிரியே சட்டம் நடத்தியது. இதை எதிர்த்து வழக்காடியவர்களில் முக்கியமானவர் எட்டி மாபோ. டோரஸ் நீரிணையில் இருக்கும் மேர் என்ற சின்னத் தீவைச் சேர்ந்தவர். பத்து வருஷம் நடந்த அந்த வழக்கில், 1992 ஜூன் 3 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் யாருமற்ற நிலம் என்ற அந்தக் கொள்கையைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பைக் கேட்க மாபோ இல்லை, சில மாதம் முன்பே அதே வருஷம் இறந்துவிட்டார்.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் இருக்கு. "இங்கே யாருமில்லை" என்று சொல்பவர் பெரும்பாலும் "நான் மதிக்கிற மாதிரி யாருமில்லை" என்றுதான் சொல்கிறார்.

அது மனுஷங்க கதை, இது பறவை, ரெண்டும் ஒண்ணா என்று கேட்கலாம். ஒண்ணு இல்லை. பறவைக்குப் பட்டா கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் வாழும் உயிர் இருக்கும் இடத்தைக் காலி இடம் என்று சொல்வது பொய். அந்த அளவுக்காவது ஒத்துக்கொள்ளலாம். நாம் "ஆளில்லாத தீவு" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போகும் அதே நேரம், அங்கே குடியிருக்கும் உயிர் "ஆள் வந்துருச்சு, ஆள் வந்துருச்சு" என்று கத்துகிறது.

*அழ ஆளில்லாத தீவுகள்*

ரெண்டாவது விஷயம். ஆளில்லாத இடத்தில் நடக்கும் நஷ்டம் அங்கேயே நின்றுவிடுவதில்லை.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் 21 குட்டித் தீவுகள் இருந்தன. 1986-ல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்னாலிருந்தே சுண்ணாம்புக்கும் கட்டட வேலைக்கும் அங்கிருந்த பவளப்பாறைகளை வெட்டி எடுத்து வந்தார்கள். பவளப்பாறைதான் அலையின் வேகத்தை உடைக்கும் மதில். மதில் போனால் மணல் கரையும். அப்படித்தான் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் மூழ்கிப்போயின. தூத்துக்குடி பக்கத்து வான் தீவும் தேய்ந்துகொண்டே வந்தது, அதைக் காப்பாற்றச் செயற்கைப் பவளத்திட்டுகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று.

ரெண்டு தீவு காணாமல் போச்சு. ஒரு ஊர் போயிருந்தா தமிழ்நாடே அழுதிருக்கும். இதுக்கு அழ ஆளில்லை. ஆனால் அந்தப் பவளத்தில் பெருகும் மீனை நம்பிக் கரையில் குடும்பங்கள் இருக்கின்றன. நஷ்டம் அவங்களுக்கு, ஆனா எப்போ எங்கே வந்ததுன்னு கணக்கு எழுத முடியாது.

கொள்ளிடமும் அப்படித்தான். மணல் என்பது சும்மா கிடக்கும் மண் இல்லை. அது தண்ணீரைப் பிடித்து வைக்கும் பஞ்சு. ஆத்து மணலுக்கு அடியில் ஓடும் நீரைக் கிணறு போட்டு எடுத்துத்தான் பல ஊர்களுக்குக் குடிநீர் போகிறது. மேலே மணல் குறைந்தால் நிலத்தடி நீர் இறங்கும். கீழே கடல் சேரும் பக்கம் உப்புத்தண்ணி உள்ளே ஏறும். மணல் அள்ளும்போது "யாருமில்லாத இடம்தானே". விளைவு வரும்போது மட்டும் எல்லாரும் இருக்கும் இடத்துக்கு வருது.

*அப்படின்னா ஸ்ரீரங்கமே தப்பா?*

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி இருக்கு. நானே கேட்டுக்கொண்டேன். ஆளில்லாத திட்டைத் தொடவே கூடாது என்றால், ஸ்ரீரங்கமே இருந்திருக்கக் கூடாதே? ஒரு காலத்தில் அதுவும் ஆத்துக்கு நடுவுல ஒரு மேடுதானே? அன்னைக்கு யாரோ முதல் ஆளாக அங்கே கால் வைத்தார், மரம் வெட்டினார், பறவையைக் கிளப்பினார். அது தப்பில்லைன்னா, இன்னைக்கு ஒரு லோடு மணல் எடுக்கறது மட்டும் எப்படித் தப்பு? வீடு கட்ட மணல் வேண்டாமா?

வேண்டும்தான். மனுஷன் எங்கேயும் காலே வைக்கக்கூடாது என்பது என் வாதமில்லை. அப்படிச் சொன்னால் நான் நின்ற இடமும் தப்பு, நான் இருக்கும் வீடும் தப்பு.

ஆனால் குடியேறுவதற்கும் எடுத்துக்கொண்டு போவதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. ஸ்ரீரங்கத்தில் குடியேறியவர்கள் அந்த இடத்தின் கஷ்டத்தையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார்கள். வெள்ளம் வந்தால் அவர்கள் வீட்டில்தான் வந்தது. கரை உடைந்தால் அவர்கள்தான் கட்டினார்கள். அந்த இடம் கெட்டால் முதல் நஷ்டம் அவர்களுக்கு. எடுத்துக்கொண்டு போகிறவருக்கு அப்படி இல்லை. லாபம் அவரோட போகும், பள்ளம் இங்கேயே இருக்கும். குப்பை போட்டுவிட்டுப் போகிறவருக்கும் அதே கணக்கு.

ஆக, தொட்டாயா தொடவில்லையா என்பது கேள்வியே இல்லை. தொட்டதற்கு அப்புறம் அங்கே பதில் சொல்ல நிற்பாயா என்பதுதான் கேள்வி. நிற்க மாட்டேன் என்றால், நீ அங்கே விருந்தாளி. விருந்தாளி வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் பீரோவைத் திறப்பதில்லை.

ஊருக்குப் போகிற பக்கத்து வீட்டு அக்கா சாவியை நம்மகிட்டக் கொடுத்து, "துளசிக்குத் தண்ணி ஊத்திரு தம்பி"ன்னு சொன்னா எப்படி உள்ளே போவோம்? தண்ணி ஊத்திட்டு, கதவைப் பூட்டிட்டு வந்துடுவோம். வீட்டில் ஆள் இருக்கும்போது இருப்பதைவிட, ஆள் இல்லாதபோது இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்போம். ஆளில்லாத இடத்துக்குரிய மரியாதை அதுதான். கேட்க ஆளில்லை என்பதால் உரிமை கூடுவதில்லை, பொறுப்புத்தான் கூடுகிறது.

இதுக்கு நம்ம தீவிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. ஸ்ரீரங்கம் மேலூரில், மேலணைக் காப்புக்காட்டில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015-ல் திறந்தார்கள். நூறுக்கும் மேற்பட்ட வகை வண்ணத்துப்பூச்சிகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. மனுஷங்களும் போய்ப் பார்க்கலாம், ஆனா வீடு பூச்சிகளுக்கு. மனுஷன் கால் வைத்தும் ஒரு இடத்தைக் கெடுக்காமல் இருக்க முடியும்.

*"முருகன் பார்க்கிறான்" போதுமா?*

இவ்வளவு எதுக்கு, "யாரும் பார்க்கலேன்னாலும் முருகன் பார்க்கிறான், அதனால தப்பு செய்யாதே"ன்னு ஒரே வரியில முடிச்சிருக்கலாமேன்னு சிலர் நினைப்பீங்க. உண்மைதான், அவன் பார்க்காத இடமில்லை. ஆனா எனக்கு இதுல ஒரு தயக்கம் இருக்கு.

அவன் பார்க்கிறான் என்பதால் மட்டும் நான் குப்பை போடவில்லை என்றால், அவனை நான் ஒரு சிசிடிவி கேமராவாகத்தானே வைத்திருக்கிறேன்? கேமரா இருக்கும் கடையில் திருடாதவனை நாம் நல்லவன் என்று சொல்வதில்லை. பயம் தப்பைத் தடுக்கும், அன்பை வளர்க்காது. அந்தத் திட்டில் குனிந்து சில்லைப் பொறுக்கும்போது "பார்க்கிறானே" என்று பொறுக்கினால் அது பயம். "இந்தப் பறவையும் அவன் பிள்ளைதானே" என்று பொறுக்கினால் அதுதான் பக்தி. வேலை ஒன்றுதான், மனசு வேறு.

1719-ல் வந்த ராபின்சன் குரூசோ கதை பலருக்குத் தெரியும். ஆளில்லாத தீவில் தனியாக மாட்டிக்கொண்டவன் தன்னை அந்தத் தீவுக்கு ராஜா என்று நினைத்துக்கொள்கிறான். பல வருஷம் கழித்து மணலில் ஒரே ஒரு மனுஷக் காலடியைப் பார்த்ததும் நடுங்கிப் போகிறான். யோசிச்சா, நாம போற ஆளில்லாத இடத்துல எல்லாம் அந்தப் பயத்தைக் கொடுக்கும் காலடி நம்முடையதுதான்.

நம்ம பக்கம் தனிமைக்கு வேறு ஒரு அர்த்தம் இருக்கு. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வயலூர் இருக்கு, அருணகிரிநாதர் வாழ்க்கையோடு கலந்த ஊர். அந்த அருணகிரியார் முருகனிடம் வாங்கிய உபதேசமே பேச்சை விட்டுச் சும்மா இருப்பதுதான். சும்மா இருப்பது என்றால் சோம்பேறித்தனம் இல்லை. எதையும் என்னுடையதாக்க வேண்டும் என்ற அரிப்பு இல்லாமல் இருப்பது. ஓர் இடத்துக்குப் போய், அதைப் பிடிக்காமல், எடுக்காமல், பேர் எழுதாமல், அரை மணி நேரம் நின்றுவிட்டு வர முடிந்தால் அந்த உபதேசத்தில் ஒரு துளி நமக்குக் கிடைத்த மாதிரி. பழனியில் எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு கோவணத்தோட நிற்கிறவனைக் கும்பிடுற நமக்கு இது புரியாமல் போகாது.

*நாம என்ன செய்யலாம்?*

பெரிசா ஒண்ணுமில்லை. பழைய சாமி படத்தை ஆற்றில் விடாமல், கண்ணாடியையும் சட்டத்தையும் தனியாகக் கழற்றிவிட்டு, காகிதத்தை மட்டும் வீட்டுச் செடி மண்ணில் மரியாதையாகப் புதைக்கலாம். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் போனால் பூவும் பழமும் காவிரிக்கு, பிளாஸ்டிக் கவர் நம்ம பைக்கு. தண்ணி திறக்கும் காலத்தில் கொள்ளிடத்தில் இறங்கவே வேண்டாம். மேட்டூரில் ஜூன் 12-க்குத் திறப்பது வழக்கம், ஆனால் வெள்ளம் தேதி பார்த்து வராது. 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்களே 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தன, நாம் எம்மாத்திரம்? மன்னார் வளைகுடாத் தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது, ரீல்ஸ் எடுக்கப் போகாதீங்க.

இன்னொண்ணு. ஆளில்லாத தீவு ஆத்துக்குள்ள மட்டும் இல்லை. பக்கத்துக் காலி மனை, மலைக்கோயில் படிக்கட்டுக்குப் பின்பக்கம், கிரிவலப் பாதையோட இருட்டு ஓரம், ராத்திரி ரயிலின் காலிப் பெட்டி, பேர் தெரியாத அக்கவுண்டில் போடும் கமென்ட். "இங்கே யாருமில்லை" என்று நமக்குத் தோன்றும் ஒவ்வொரு இடமும் ஒரு திட்டுதான். அங்கே நாம் எப்படி நடக்கிறோமோ, அதுதான் நம்ம உண்மையான நடை. கோயில் வரிசையில் எல்லார் முன்னாலும் நடப்பது சுலபம்.

உங்க ஊர்ல இப்படி ஒரு திட்டு எதுன்னு யோசிச்சுப் பாருங்க. கண்டுபிடிச்சதும் அங்கே போகணும்னு அவசியமில்லை. அது அங்கே இருக்குன்னு நினைச்சுக்கிட்டாலே போதும்.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்.